காய்ச்சல் வரிசை

மாரிச்செல்விக்கு,

"நீ இங்கன நர்ஸா இருக்கைல எனக்கென்னடி பயம்" என்று உன் அம்மாவைத் தீக்காய வார்டில் சேர்த்த அன்று நீ சொன்னாய்.

தீக்காய வார்டு தாழ்வாரத்தின் ஒரு கோடியில். கட்டுப் போடும் அறை மறுகோடியில். நடுவே டாக்டரைப் பார்க்க நிற்கும் காய்ச்சல்காரர்களின் வரிசை. பட்டாசு ஆலையில் வெந்த உடம்புகளை தினமும் அதற்குள்தான் தள்ளுவண்டியில் கொண்டுபோக வேண்டும். வெந்த புண்ணில் தொற்று ஏறிவிடக் கூடாதென்று உன் அம்மாவுக்கு மட்டும் படுக்கையிலேயே கட்டு மாற்றினேன். நான்காம் நாள் மேட்ரன் பார்த்துவிட்டார்.

"ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா தாயி? அம்புட்டுப் பேருக்கும் அந்த ரூம்தான்."

நான் வாதாடவில்லை. மறுநாள் நானே அம்மாவை வண்டியில் தள்ளிக்கொண்டு போனேன். வரிசையில் ஒருவர் இருமினார். போர்வையை இழுத்து மூடினேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

அதிலிருந்து மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் நீ உடலை உங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குக் கொண்டுபோனாய்.

உன் சிநேகிதி