என் மீது இருபத்திரண்டு வழக்குகள் இல்லை என்பது குறித்து

அனுப்புநர்:
ஞா. சவரிராயன்,
வெனிலா கூலிங் சென்டர்,
மேம்பாலம் அருகில், திண்டிவனம்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
குளிர்பதன வாயு ஒழுங்குமுறைப் பிரிவு,
விழுப்புரம்.

பொருள்: ஏசி பழுதுபார்ப்போர் பயிற்சி – என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – நான் குற்றவாளி அல்ல, அவசரக்குடுக்கை மட்டுமே – பெயரை மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாகத் திண்டிவனத்தில் ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்த்து வருகிறேன். கடைக்கு என் மகள் வெனிலாவின் பெயரை வைத்தேன். இன்றுவரை வாரத்துக்கு நான்கு பேராவது ஐஸ்கிரீம் கேட்டு வருகிறார்கள். என் முன்யோசனையின் அளவைத் தாங்கள் இதிலிருந்தே அறியலாம்.

2. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 வாயுவைப் படிப்படியாக நிறுத்துவது பற்றித் தாங்கள் சென்ற மாதம் நடத்திய கூட்டத்துக்கு வந்திருந்தேன். மதியம் பிரியாணி உண்டு என்று கேள்விப்பட்டே வந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய வாயுவைக் காற்றில் விடக் கூடாது, இயந்திரம் வைத்து உருளையில் திரும்பப் பிடிக்க வேண்டும் என்றீர்கள். வால்வைத் திறந்துவிட்டு, புஸ்ஸென்ற சத்தம் அடங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வருவதுதான் இத்தனை ஆண்டுகளாக என் தொழில்முறை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. இரண்டாவது தட்டுப் பிரியாணி இறங்கவில்லை. அன்றே பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுத்தேன்.

3. எங்கள் தொழிலில் கேஸ் என்றால் வாயு. ஆர்-22 வாயுவை வெறுமனே 'இருபத்திரண்டு' என்போம். சென்ற வாரம் விவரம் சரிபார்க்கத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தபோது, பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர், "உங்க மேல கேஸ் எதுனா இருக்குதா?" என்று கேட்டார். நான் உருளைகளைப் பரண் மேல் வைத்திருப்பவன். எனவே, "மேலதாங்க இருக்குது. ஒண்ணு புதுசு, ஒண்ணு பாதி முடிஞ்சிருக்குது" என்றேன். "என்னா கேஸு?" என்றார். "எல்லாம் இருபத்திரண்டுதாங்க" என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று, "பத்தொம்பது வருஷமா அதைத்தாங்க பண்ணிக்கினு இருக்கேன்" என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் மீது தவறே இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார்.

4. இருபத்திரண்டு வழக்குகள் நிலுவையில் இருப்பதை நானே ஒப்புக்கொண்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதாகக் கடிதம் வந்தது. என் மனைவி ஞானமேரி அதை இரண்டு முறை படித்தார். "இந்த மூஞ்சிக்கு இருபத்திரண்டு கேஸா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். காவல் நிலையத்தில் சான்று கேட்டபோது எழுத்தர் தேடிப் பார்த்து, "ஒரு பெட்டி கேஸு கூட இல்லியேய்யா" என்று பரிதாபப்பட்டார். அந்தச் சான்றை இணைத்துள்ளேன்.

5. இது மட்டும்தான் என்றால் அடுத்த பயிற்சி வரை காத்திருப்பேன். அவசரத்துக்குக் காரணம் மயிலத்தில் என் வாடிக்கையாளர் கிருஷ்ணவேணி அவர்களின் வீட்டு ஏசி. அதன் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது. வாயுவை வெளியே எடுக்காமல் அதை மாற்ற முடியாது. வாயுவைப் பிடிக்கும் இயந்திரம் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டுமே தங்கள் பிரிவில் இரவல் கிடைக்கும். ஸ்பேனரை எடுத்து வால்வில் வைத்தேன், கை வரவில்லை. இயந்திரத்தோடு வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். "கேஸு உள்ள இருந்தா உங்களுக்கென்னா, வெளிய போனா உங்களுக்கென்னாண்ணே? நாங்கதான வேர்த்துக்கினு கெடக்கறோம்" என்று அவர் கேட்டார். தாங்கள் கூட்டத்தில் சொன்னதை நானும் சொல்லிப் பார்த்தேன். 'படலம்' என்ற சொல்லுக்கு மேல் எனக்கு நினைவில் இல்லை.

6. திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்று காலை பத்து மணிக்கு வல்லத்திலிருந்து செல்வகுமார் என்ற மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டார்.

ஆகவே, வரும் சனி, ஞாயிறு பயிற்சியில் எனக்கு ஓர் இடம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாற்காலி இல்லையென்றால் நின்றுகொண்டே கற்பேன், சாப்பாடும் வேண்டாம். ஞாயிறு மாலை இயந்திரம் என் கைக்கு வந்துவிட்டால், திங்கள் விடியற்காலையிலேயே மயிலம் போய்விடுவேன். செல்வகுமார் கெட்டவர் அல்ல. வேகமான வேலைக்காரர். வந்ததும் வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

தங்கள் ஆணைக்காகப் போனைக் கையிலும், மோட்டாரை அணைத்தும் வைத்திருக்கும்,

(ஒப்பம்) ஞா. சவரிராயன்

இடம்: திண்டிவனம்
நாள்: 12.06.2025

இணைப்பு: காவல் நிலையச் சான்று – 1