ஊற்று தானாக வற்றவில்லை, அண்ணா

செத்தும் என் வாய்க்குத் தப்ப முடியாத, என் ஆசை அண்ணன் சேவியருக்கு,

உன் மாணவர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். நித்யா என்று ஒரு பெண், உன்னிடம் ஆராய்ச்சி செய்தவளாம், போன் பண்ணினாள். "அம்மா, சார் சின்ன வயசுல எப்படி இருந்தாருன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா. ஏற்காடு, ஸ்கூல், மழை, அந்த மாதிரி" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். மழையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அச்சில் போட்டாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று பங்குச் சாமியார் சொன்னார். உயிரோடு இருந்தபோது மட்டும் சொல்ல விட்டாயா? பாதிப் பேச்சில் "மீட்டிங் இருக்கு கண்ணு" என்று போனை வைப்பாய். இப்போது வைக்க முடியாது. உட்கார்ந்து கேள்.

முதலில் ஊர்ச் செய்தி. மறுபடியும் எங்கேயோ குண்டு போடுகிறார்கள். டிவியில் எண்ணெய்க் கப்பல்களைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். குப்பனூர் வழியாக வருகிற ஜீப்பில் கட்டணம் ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டால் டிரைவர், "அங்க சண்டைங்கக்கா, இங்க டீசலுங்க" என்கிறார். இதைத்தானே நீ அத்தனை தடிப் புத்தகங்களாக எழுதிப் பேர் வாங்கினாய் என்று நினைத்துக்கொண்டேன். டிவி விவாதத்தில் உன் நாற்காலியில் வேறு யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உன் அளவுக்குக் கோபம் வரவில்லை.

உன் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். எண்ணெய் இருக்கிற நாட்டில் ஏன் எப்போதும் சண்டை, எரித்த எண்ணெயால் காய்கிற பூமியில் அடுத்த சண்டை எங்கே வரும் என்று ஆயுசு முழுக்கத் தேடினாய். வெளிநாட்டு மேடைகளில் பெரிய பெரிய கம்பெனிக்காரர்களை முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்டாய். நம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்து நீ பேசியது எனக்கு மனப்பாடம். "பற்றாக்குறைன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. குழாயை மூடுனவன் யாருன்னு பாருங்க" என்றாய். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நான்தான் முதலில் கை தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

அந்தக் கேள்வியை நம் ஊர் ஊற்றுக்கு மட்டும் ஏன் அண்ணா கேட்கவில்லை?

படிக்கிறவர்களுக்குக் கதை தெரியாது, சொல்லிவிடுகிறேன். கொட்டச்சேட்டுக்குக் கீழே ஒரு சிற்றூர் இருக்கிறது. தலைமுறைகளாகச் சாமையும் பழமரங்களும் கொஞ்சம் காப்பியும் வைத்துப் பிழைக்கிற மலைக்காரர்கள். அவர்களுக்கு இருந்த ஒரே தண்ணீர், பாறைக்கு அடியிலிருந்து வருகிற ஊற்று. எந்தக் கோடையிலும் அது நின்றதில்லை. நான் ரைட்டராகக் கணக்கு எழுதுகிற எஸ்டேட் அதற்குப் பக்கத்தில்தான். ஒரு வருஷம் ஊற்றுக்கு நேர் மேலே ரிசார்ட் கட்டினார்கள். நீச்சல் குளம் வேறு. கோடையில் போர்வெல் வண்டி வந்து நாள் கணக்கில் துளைத்தது. அந்த வருஷம் ஐப்பசி மழை குறையில்லாமல் பெய்தது. ஆனாலும் மழை முடிந்து மார்கழியில் பார்த்தால், ஊற்றில் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆயிற்று.

குடங்கள் வரிசையில் நின்றால் சண்டை வராமல் இருக்குமா? அந்த ஊர்ச் சடையனும் அவர் மச்சானும் குடத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். சடையனுக்குக் கை முறிந்தது. அடுத்த வாரம் கட்டு மாற்ற இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜன்னலோர சீட்டைப் பிடித்துக் கொடுத்ததே மச்சான்தான். நீ கிறிஸ்துமஸ் லீவில் வந்திருந்தாய். சடையன் வீட்டில் காப்பி குடித்தாய், கட்டுப் போட்ட கையைப் படம் எடுத்தாய். உன் கட்டுரையில் அது "மலைவாழ் குழுக்களிடையே பருவநிலை மாற்றம் தூண்டிய மோதல்" ஆகிவிட்டது. குழுக்களாவது, மண்ணாங்கட்டியாவது! மாமன் மச்சான் சண்டை அண்ணா அது.

லீவு முடிந்து திரும்பிப் போய் எனக்குப் போன் பண்ணினாய். எஸ்டேட்டில் மழைமானி பார்ப்பது என் வேலை. தினமும் காலையில் போய், உள்ளே இருக்கிற தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, எத்தனை இன்ச், இன்ச்சில் நூற்றில் ஒரு பங்கான சென்ட் எத்தனை என்று மழை நோட்டில் எழுத வேண்டும். சொட்டு விழாத நாளிலும் போய்ப் பார்த்து "இல்லை" என்று எழுத வேண்டும், பார்க்காமல் எழுதக் கூடாது. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். அம்மாவை அடக்கம் பண்ணிய அன்றைக்கும் போனேன். அது உனக்கே தெரியும்.

"ரோஸி, போன வருஷம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மழை சொல்லு கண்ணு" என்றாய்.

"மத்த மாசம் வேண்டாமாண்ணா?"

"அது போதும் சாமி."

நானும் வாசித்தேன். இல்லை, இல்லை, இல்லை என்று பக்கம் பக்கமாக வாசித்தேன். தையிலும் மாசியிலும் சேர்வராயன் மலையில் மழையை யார் கண்டார்கள்? ஏப்ரலில் பூ மழை நன்றாக இறங்கி எஸ்டேட் முழுக்கக் காப்பி பூத்தது, ஐப்பசியில் ரோட்டோரம் மண் சரிந்தது, எல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தது. நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கட்டுரை வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை, வழவழப்பான தாள். கடைசியில், மழையை அளந்து தந்த தங்கை ரோஸ்லினுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்தக் கட்டுரையில் எனக்குப் புரிந்ததே அந்த வரிதான். லேமினேட் பண்ணி ஹாலில் மாட்டினேன். பூசை முடிந்து போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். இதை எழுதும்போது வெட்கத்தில் எனக்குக் காது சுடுகிறது.

ஊர்க்காரர்கள் ரிசார்ட்டின் மேல் மனுக் கொடுத்தார்கள். நடையாய் நடந்த பிறகு விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். ரிசார்ட் வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் ஹாலில் தொங்குகிற அதே கட்டுரை.

"உலகமே மதிக்கிற பேராசிரியர் சார். இந்த மலையிலயே பொறந்தவர். மழை பொய்ச்சதாலதான் ஊத்து வத்துச்சுன்னு எழுதியிருக்கார். எங்க போர்வெல்லைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. மழை அளந்து குடுத்த அம்மாவும் இதோ இங்கதான் உக்காந்திருக்காங்க" என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து மழை நோட்டைக் கொடுத்து, மற்ற மாதங்களையும் பாருங்கள் சார் என்றேன். வக்கீல் சிரித்தார். "எஸ்டேட் நோட்டும்மா. போன வாரம் உக்காந்து எழுதுனதுன்னு நான் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். அதிகாரி நல்ல மனுஷன்தான். பேராசிரியரே தப்பு என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று விசாரணையைத் தள்ளி வைத்தார்.

வெளியே வந்ததும் சடையன் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்கம்மிணி, ஊத்து தானா வத்திப்போச்சுன்னு உங்கண்ணன் எழுதிப்புட்டாருங்களா? நம்மூட்டுக்கு வந்து காப்பித் தண்ணி குடிச்சாருங்களே. மேல போர்வெல் போட்டுப்புட்டாங்கன்னு நான் நொம்ப நேரம் சொன்னனுங்களே" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்றைக்கே உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கிறதா?

"ரெண்டே வரி எழுதிக் குடுண்ணா. மழை நல்லாத்தான் பேஞ்சுது, போர்வெல்லைப் பாக்காம விட்டுட்டேன்னு."

"அது அப்படி இல்ல கண்ணு. ஒரு உதாரணம் தப்புன்னு நானே ஒத்துக்கிட்டா, எண்ணெய்க் கம்பெனிக்காரன் நான் எழுதுன அத்தனையும் பொய்யும்பான். பூமி சூடாகறதே கட்டுக்கதைன்னு சொல்ற கும்பலுக்கு நானே கத்தி எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"இங்க குடத்தைத் தூக்கிட்டு எங்கயோ தூரத்துல இருக்கற ஓடைக்கு நடக்கறாங்கண்ணா. டிராக்டர் தண்ணி வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருது."

"பாக்கறேன் ரோஸி."

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கும்பலை நீ அறிவாய், நான் அறியமாட்டேன். பூமி சூடாவது உண்மை என்றும் எனக்குத் தெரியும், தினமும் மானியைப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் அந்த உண்மை விழாமல் நிற்க முட்டுக் கொடுக்க, நம் ஊர்ப் பொய் ஒன்றுதான் உனக்குக் கிடைத்ததா? நிஜமாகவே மழை பொய்த்த ஊர்கள் எத்தனையோ இருக்க, மழை பெய்த ஊரை ஏன் எடுத்தாய்? சொந்த ஊர், யார் கேட்கப் போகிறார்கள் என்றுதானே?

பார்க்கிறேன் என்றவன் மூன்றே வாரத்தில் மாரடைப்பில் போய்விட்டாய். உன் ஆசைப்படி ஏற்காட்டுக் கல்லறையில்தான் அடக்கம் பண்ணினோம். சடையனும் மச்சானும் வந்திருந்தார்கள். வந்து சும்மா நிற்கவில்லை, பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். ரோஸ்லின் அழவே இல்லை, கல்நெஞ்சுக்காரி என்று கோயிலில் பேசிக்கொண்டார்களாம். அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தால் நான் என்ன செய்ய?

அதோடு இது முடிந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, மலருக்கு எழுதச் சொன்ன கையோடு நித்யா, "குடும்பத்துல இருக்கட்டும்மா" என்று உன் குறிப்பு நோட்டுகளை ஒரு பெட்டியில் அனுப்பினாள். அந்தக் கிறிஸ்துமஸ் லீவு நோட்டும் அதில் இருந்தது. கோழி கிண்டின மாதிரி உன் கையெழுத்து, தமிழில். சடையன் சொன்னதை எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இப்படி இருந்தது: "மேலே ஏறிப் பார்த்தேன். ரிசார்ட் காம்பவுண்டுக்குள் மூன்று ஆழ்துளைக் கிணறுகள். ஊற்றுக்கு நேர் மேலே. மோட்டார் ஓடுகிறது. இதைச் சேர்த்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். இப்போதைக்கு விடலாம்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீ பார்க்காமல் விட்டாய் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! பார்க்காமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன், மனுஷன்தானே என்று. நீ மலை ஏறிப் போயிருக்கிறாய். நின்று எண்ணியிருக்கிறாய். மோட்டார் சத்தம்கூடக் கேட்டிருக்கிறாய். அப்புறம் கீழே வந்து, வீட்டில் நான் வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறாய். அந்த "இப்போதைக்கு" எந்தத் தேதியோடு முடிகிறது அண்ணா?

நித்யாவிடம் சொன்னேன். "அம்மா, அந்தப் பக்கம் வெளிய போனா சார் பேரே போயிடும்மா. அவர் எண்ணெயைப் பத்தி எழுதினது ஒண்ணுகூடத் தப்பு கிடையாதும்மா. எல்லாத்தையும் சேர்த்துக் குப்பையில போட்டுருவாங்க" என்று அழுதாள். நல்ல பெண். உன்னைத் தகப்பனாக நினைத்தவள். அவளோடு சேர்ந்து அன்றைக்கு நானும் அழுதேன், உன் அடக்கத்துக்கு அழாததையும் சேர்த்து.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நோட்டை அடுப்பில் போட்டுவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? நீ மெட்ராஸ் காலேஜுக்குப் போன அன்று உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவள் நான். பெரிய ஆளாக வருவாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வந்தாயே! அந்தப் பேரை என் கையாலேயே உடைக்க வேண்டும் என்று என்னை இங்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். அதற்குத்தான் உன்மேல் எனக்கு அத்தனை கோபம். நீயே இரண்டு வரி எழுதியிருந்தால், தப்பை ஒத்துக்கொண்ட பெரிய மனுஷன் என்று உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. உன் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்தப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் நானே சத்தமாக வாசிப்பேன். இது யார் எழுதியது என்று வக்கீல் கேட்பார். என் அண்ணன் எழுதியது, அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் மறைத்தார் என்று சடையன் முன்னால் சொல்வேன். எண்ணெய்க் கம்பெனிக்காரன் சிரித்தால் அவனுக்குப் பதில் சொல்ல உன் மாணவர்கள் இருக்கிறார்கள். சடையனுக்குப் பதில் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அம்மாமேல் சத்தியமாகச் சொல்கிறேன், என் குரல் நடுங்காது.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் உன்னை யாரிடமும் விட்டுக்கொடுக்காத
உன் தங்கை,
ரோஸ்லின்