சிகிச்சை இல்லாத பாத்தி

ஜனவரி 6

கடுகில் புள்ளி விழுந்துவிட்டது. அடி இலைகளில் பழுப்பு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். இலைக்கருகல், பூஞ்சையால் வருவது. அப்பா பூஞ்சைக்கொல்லி வாங்கி வந்ததும் அம்மா பையை எடுத்தாள். போன வருஷம் அந்த வாடையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவள்.

"நான் தங்கச்சி வீட்டுல இருக்கேன்."

"எப்ப வருவே?"

"நீங்க எப்ப நிறுத்துறீங்களோ, அப்ப."

நான் அழவில்லை. வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஜனவரி 8

பள்ளிக் கண்காட்சிக்கு இதையே எடுத்துக்கொண்டேன். வீட்டை ஒட்டிய வயலில் மூன்று பாத்திகள். ஒன்றுக்குப் பூண்டுச் சாறு, ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு எதுவுமில்லை. எதுவும் தெளிக்காத பாத்தி இருந்தால்தான் ஒப்பிட முடியும். மூன்றிலும் பலகை நட்டேன்; கடைசியில் 'சிகிச்சை இல்லை' என்று எழுதினேன்.

"பூண்டு ஜெயிச்சா வீட்டுப் பக்கம் மருந்தே அடிக்கல. தோத்தா அப்புறம் வாயத் திறக்கக் கூடாது, விஞ்ஞானி" என்றார் அப்பா.

ஜனவரி 13

பூண்டு நசுக்கிய விரல் எரிகிறது. எழுத வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரி 17

அம்மா போனில்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"அப்பா?"

"ம்."

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 24

இலைகளை எண்ணினேன். மருந்துப் பாத்தி சுத்தம். பூண்டுப் பாத்தியில் புள்ளி இருக்கிறது, மேலே ஏறவில்லை. எதுவும் தெளிக்காத பாத்தியிலும் அப்படியே! அறிவியல் டீச்சர், "அப்போ நோய் தானா நின்னிருக்கு, பூண்டு ஒண்ணும் செய்யலம்மா. உள்ளதை எழுது" என்றார். எழுதினேன். அம்மா வரமாட்டாள் என்பதும் அதே வரியில் இருப்பதுபோல் இருந்தது.

ஜனவரி 25

அப்பாவிடம் தோற்றுவிட்டேன் என்று சொன்னேன். அவர் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தப் பாத்திக்கும் நான் அடிச்சேன்மா. உன் வாளியில மிச்சம் இருந்த பூண்டுத் தண்ணிய."

"எப்ப?"

"நீ அடிச்சுட்டுப் பள்ளிக்கூடம் போனப்பல்லாம்."

"அது சும்மா விடணும்னு சொன்னேனேப்பா!"

"சொன்னே. ஆனா போக வர 'சிகிச்சை இல்லை'ன்னு பலகை. டாக்டர் கைவிரிச்ச மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல."

இப்படியா செய்வாங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சோதனை போச்சு, எல்லாம் போச்சு — பலகையில அப்படி எழுதினது யாரு, நான்தானே? 'ஒப்பிட' என்று எழுதியிருந்தால் அவர் தொட்டே இருக்க மாட்டாரோ?

அப்பா விளக்கை அணைக்கும்போது சொன்னார்: "ஆனா, நோய் நின்னுச்சுல்ல?"

ஜனவரி 28

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். இது சோதனையே ஆகாதாம். கண்காட்சியில் என் மேசையை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். சரி என்றேன்.

பிப்ரவரி 2

வீட்டுப் பக்கம் முழுக்க அப்பா பூண்டுச் சாறு தெளித்தார். நோய் முற்றிய தூரத்து மூலையில் மட்டும், காற்று அந்தப் பக்கம் அடிக்கும்போது, மருந்து. பிறகு சித்தி வீட்டுக்குப் போன் செய்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 9

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்த அம்மா, கொடியில் காய்ந்த தன் சேலையை மோந்து பார்த்தாள்.

"ஒரே பூண்டு நாத்தம். இதைக் கட்டிக்கிட்டு நான் எப்படி பஸ் ஏறுறது?"

"ஏறாதே" என்றார் அப்பா.

அம்மா சேலையை உதறி மறுபடி கொடியில் போட்டாள்.