நிமிர்த்திய மூக்கு

இன்று காலை நீடாமங்கலத்திலிருந்து உன் படம் வந்தது. செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டி, உன் அப்பா வண்டியில் கொண்டுவந்தான். கயிற்றை அவிழ்த்ததும் புதுச் சட்டத்தின் வார்னிஷ் வாசனை வீடெல்லாம் பரவியது. நாளை மறுநாள் உனக்கு முதல் வருஷத் திதி. மாலை போடப் பெரிய படமாக வேண்டும் என்று நான்தான் அவனை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டாளத்து உடுப்பில் நிற்கிறாய். மீசை உன்னுடையதுதான். மூக்கைப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நேராக இருந்தது.

"யாருடா இது?" என்று உன் அப்பாவைக் கேட்டேன்.

"ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டாராம்மா. கோணலா இருந்துச்சாம், அவரே பாத்து மெனக்கெட்டு செஞ்சிருக்காரு."

"திருப்பிக் கொண்டுபோ. என் பேரன் மூக்க வைக்கச் சொல்லு."

அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு உன் அம்மா வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இது இருக்கட்டும் அத்தை," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மூக்கு எப்படி வந்தது என்று அவள் பார்த்ததில்லையே.

யூரியா சாக்கில் உமியும் மணலும் அடைத்து மாட்டுக்கொட்டகைச் சட்டத்தில் தொங்கவிட்டு நீ குத்திக்கொண்டிருந்த காலத்தில், அறுவடைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "ஏன்டா, அந்தச் சாக்கு என்னடா தப்பு பண்ணுச்சு?" என்பார்கள். அப்புறம் சென்னைக்குப் போய்க் குத்துச்சண்டைப் பயிற்சி எடுத்தாய். பேரும் படமும் போட்டு போஸ்டர் ஒட்டுகிற சண்டைக்காரன் ஆனாய். உன் அம்மா ஒரு சண்டைக்கும் வரவில்லை. நான் ஒரே ஒரு சண்டைக்கு வந்தேன், திருச்சிக்கு.

கல்யாண மண்டபம் மாதிரி பெரிய இடம். பக்கத்து நாற்காலியில் இருந்தவர், "பாட்டி, ரத்தம் வரும், பாக்காதீங்க," என்றார். "வந்தா தொடச்சுக்குவான், நீங்க மறைக்காம உக்காருங்க," என்றேன். மூன்றாவது ரவுண்டில் உன் மூக்கு உடைந்தது. நீ உட்காரவில்லை. கடைசி மணி வரைக்கும் நின்று குத்தினாய். நடுவர் உன் கையைத் தூக்கிப் பிடித்தார். நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றே ஆஸ்பத்திரியில் டாக்டர், இப்போதே நிமிர்த்திவிட்டால் நேராகிவிடும், விட்டால் இப்படியே கூடிவிடும் என்றார். நிமிர்த்தினால் சில மாதம் சண்டை கூடாது. உனக்கு அடுத்த மாதமே ஒரு சண்டை இருந்தது. வெளியில் வந்து என்னைத்தான் கேட்டாய்.

"அப்பாயி, நிமித்திக்கவா, வுட்றவா?"

கைதட்டல் இன்னும் என் காதில் இருந்தது. "மூச்சு வருதுல்ல? அப்ப வுடு. ஜெயிச்ச மூக்குடா. பாக்கறவனுக்குத் தெரியட்டும்," என்றேன்.

நீ சிரித்தாய். சிரித்ததும் வலித்து மூக்கைப் பிடித்துக்கொண்டாய். "அம்மா கேட்டா நானாதான் வேணான்னேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

வீட்டில் உன் அம்மா உன்னைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "டாக்டரு சொல்லியும் வேணான்னியா? எவடா உனக்குப் பொண்ணு குடுப்பா?" என்றாள். "மூக்குக்கா பொண்ணு குடுக்குறாங்க?" என்றாய். இரண்டு நாள் அவள் உன்னோடு பேசவில்லை. நான் முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு, ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இந்தக் குத்து எத்தன நாளைக்கு அப்பாயி? பட்டாளத்துல சேந்தா சோத்துக்குச் சோறும் ஆச்சு, சண்டைக்குச் சண்டையும் ஆச்சு," என்று பிறகு ஒருநாள் சொன்னாய். அங்கேயும் கிளவுஸ் மாட்டினாய். கடைசியில் பனிமலைக் காவலில் இருந்தபோது குண்டு பட்டது. கொடி போர்த்திய பெட்டியில் வந்தாய். முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் காட்டினார்கள். கண் வரைக்கும் கட்டு. கட்டுக்குக் கீழே அந்த மூக்கு. உன் அம்மா அதைப் பார்த்துத்தான், "என் புள்ளதான்," என்று சொல்லிவிட்டு விழுந்தாள். அந்த நேரத்திலும், மூக்கை வைத்து உன்னைக் கண்டுகொண்டார்களே என்று எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இன்று உன் அப்பா வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன பிறகு அவளிடம் போய் நின்றேன். "அவன் மூஞ்சி இதில்லம்மா," என்றேன்.

அரிவாள்மணையிலிருந்து அவள் நிமிரவில்லை. "எனக்குக் கண்ண மூடுனா அந்தப் பெட்டிதான் அத்தை. அந்தக் கட்டு, அதுக்குக் கீழ அந்த மூக்கு. இந்தப் படத்துலதான் அவன் அதுக்கு முன்னாடி இருக்கான். தெனம் எந்திரிச்சு நான் எதப் பாக்குறது?"

பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அவள் இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தாளே, அந்த இரண்டு நாள் இனி அவளுக்குக் கிடைக்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. இதைச் சொன்னால் இனி ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்றும் தெரியும். சொல்லிவிட்டேன்.

"டாக்டரு நிமித்துறேன்னுதான் சொன்னாரு. அவன் என்னையத்தான் கேட்டான். நான்தான் வுடுன்னேன்."

கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். "தெரியும்," என்றாள்.

"யாரு சொன்னா?" என்றேன்.

"பட்டாளத்துக்குக் கெளம்புற அன்னைக்குச் சொன்னான். அப்பாயிய ஒண்ணும் கேக்காதம்மா, அன்னைக்கு அதுக்கு அவ்ளோ சந்தோஷம்னான். அதான் கேக்கல." காய்களைத் தண்ணீரில் அள்ளிப் போட்டாள். "எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துச்சு அத்தை."

உலை கொதித்தது. எழுந்து போனாள்.

உன் அப்பா வந்ததும் நானே ஆணியை எடுத்துக் கொடுத்தேன். படத்தை மாட்டியாயிற்று. நாளை மறுநாள் அதற்குத்தான் மாலை. அவள் பெற்ற மூக்கு அது, அவள் வைத்துக்கொள்ளட்டும். அன்று நான் சொன்னது தப்பு என்றும் இப்போது தெரிகிறது.

ஆனாலும், திருச்சியில் அந்தக் கூட்டத்தில் ரத்தமும் சிரிப்புமாய் என்னைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினாயே, அந்த முகத்தை என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. கோணல் மூக்கு உனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லமாட்டேன். உன்னிடம் சொல்லலாம்.