கேலனுக்கு ஒரு அவுன்ஸ்

பிப்ரவரி 10, செவ்வாய்

கடையில் யாருக்கோ பிரேக் ஷூ எடுத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் என் தம்பி பெத்தோவின் குரல். ஞாயிற்றுக்கிழமை சலினாஸ் கார்ப் பந்தயத்தில் சேயோ ரென்தாஸோடு போட்டி போடப் போகிறானாம். "மோட்டாரைக் கட்டினது யாரு?" என்று கேட்டார்கள்.

"யாரு, நான்தான்! ஒவ்வொரு போல்ட்டும் இந்தக் கை முறுக்கினது."

இந்தக் கையாம்! அந்த மோட்டாரை நான் கட்டினேன். வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற கொட்டகையில், கொசு பிடுங்கப் பிடுங்க, ஒரு கோடைகாலம் முழுக்க. பெத்தோ துரை அப்போது பியர் குடித்துக்கொண்டு விளக்குப் பிடித்தார். அதையும் கோணலாகத்தான் பிடித்தார்.

பிப்ரவரி 11, புதன்

அம்மாவிடம் சொன்னேன். "யார் கட்டினா என்னடி நெரெய்தா, ஜெயிச்சா நம்ம குடும்பத்துக்குத்தானே பேரு" என்கிறாள். கார் அவன் பெயரில். பெயர் அவனுக்கு. கொசுக்கடி மட்டும் எனக்கா? துவரை போட்ட சோற்றை அப்படியே தள்ளி வைத்தேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

விட மாட்டேன் இவனை.

பிப்ரவரி 12, வியாழன்

வந்தான். முன்வாசல் வழியாக இல்லை, கொல்லைப்புறமாக.

"அக்கா... பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு ஊத்தணும்?"

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! இவனால் வேறு யாரிடமும் கேட்க முடியாது. சலினாஸில் சின்னப் பயலைக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் கட்டினவனுக்கே கலவை தெரியாதா என்று அடுத்த நிமிஷம் ஊரே சிரிக்கும். மோட்டாருக்குள் தானாக எண்ணெய் விடுகிற பம்பை நான்தான் கழற்றி எறிந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் நான்தான் கேனில் கலந்து கொடுக்கிறேன். இவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை கொடுக்க மாட்டேனோ என்று பயம்.

"ரேடியோக்காரங்களைக் கேளு, சொல்லுவாங்க."

"வாய் தவறி வந்துடுச்சுக்கா."

"பத்து நிமிஷமா வாய் தவறிச்சா?"

தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உடனே குரலை மாற்றினேன். "சரி விடு, அளவெல்லாம் உனக்கெதுக்கு? நானே கலந்து வைக்கிறேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கோ." தேன் ஒழுகப் பேசினேன். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். போகிறவன் வேலி அருகே நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

கலக்க மாட்டேன். ஒரு சொட்டுகூடக் கலக்க மாட்டேன். வெறும் பெட்ரோல்தான். இந்த மோட்டாரில் பிஸ்டன் கிடையாது, உள்ளே ஒரு முக்கோணம் சுற்றும். அதன் முனைகளில் இருக்கிற மெல்லிய தகடுகளுக்கு, பெட்ரோலோடு போகிற எண்ணெய்தான் உயிர். அது இல்லாமல் ஞாயிறு முழுக்க முறுக்கட்டும். தேய்ந்து, கீறி, ஊரே பார்க்க நடுப்பாதையில் நின்று சாகட்டும். அப்போது சொல்லட்டும், இந்தக் கை கட்டினது என்று.

பிப்ரவரி 13, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். வெட்கமாகவே இல்லை.

பிப்ரவரி 14, சனி

கேன்களில் பெட்ரோல் நிரப்பினேன். மூடினேன். ஆயில் பாட்டில் அலமாரியிலேயே இருந்தது.

கேன்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாகப்போவது எது? பெத்தோவா? அவன் வேறு மோட்டார் வாங்கி, அதையும் தானே கட்டினதாகச் சொல்லுவான். சாகப்போவது என்னுடையது. அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் வைத்து உரசிப் பொருத்தினவள் நான். இந்தக் கழுதைக்காக நானே அதைக் கொல்வதா? ச்சீ.

திறந்து, கேலனுக்கு ஒரு அவுன்ஸ் ஊற்றிக் குலுக்கினேன். ஊற்றும்போதும் அவனைத் திட்டிக்கொண்டேதான் ஊற்றினேன். பழி வாங்க வேறு வழி கிடைக்காமலா போகும்?

வந்து எடுத்துப் போனான். "கலந்துட்டியாக்கா?" என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சலினாஸிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

விளக்கு பச்சையானதும் பெத்தோவின் காரிலிருந்து வெள்ளைப் புகை. கொஞ்சமா நஞ்சமா! பக்கத்தில் நின்றவர்களின் முகமே தெரியவில்லை. திக்கித் திக்கி ஓடியது, நடுவில் டமடமவென்று அடித்தது, நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தகடு உடைந்துவிட்டது.

ஜெயித்துவிட்டு வந்த சேயோ புகையை மோந்து பார்த்தார். "என்ன தம்பி, சலினாஸுக்கே கொசு மருந்து அடிச்சுட்ட? கேலனுக்கு எவ்வளவு ஊத்தின?"

பெத்தோ முழித்தான். சுற்றிலும் கூட்டம். "ஒரு... கேனுக்கு ஒரு பாட்டில்."

"பாட்டிலா! அதுல மீன் பொரிச்சிருக்கலாமேடா!" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சேயோ மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். "ஏன்டா, இந்த மோட்டாரை நீதானே கட்டின?"

அவன் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. சேயோ மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் பார்த்தார்கள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கொல்லைப்புறமாகவே வந்தான். கண் சிவந்திருந்தது.

"அம்மா மேல சத்தியமா சொல்லு. நீ கலந்திருந்தியா, இல்லையா?"

"நீ ஏன் ஊத்தின?"

"நீ கலந்திருக்க மாட்டேன்னு நினைச்சேன். உன் இடத்துல நான் இருந்தா கலந்திருக்க மாட்டேன்."

"கலந்திருந்தேன். சத்தியமா."

படியிலேயே உட்கார்ந்து அழுதான். அவன் ஊற்றின பாட்டில் என் அளவோடு சேர்ந்து பெட்ரோலைக் கண்ட நேரத்தில் வெடிக்க வைத்துத் தகட்டை உடைத்துவிட்டது என்று விளக்கமாகச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வியாழக்கிழமை நான் நினைத்ததை மட்டும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவன் அழுதது எனக்கு இனித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி கொடுத்தேன், சர்க்கரை போடாமல்.

மார்ச் 8, ஞாயிறு

மோட்டாரைப் பிரித்தேன். ஒரு தகடுதான் போயிருக்கிறது, சுவரில் ஒரு கீறல். தேறும். பெத்தோ விளக்கை நேராகப் பிடிக்கிறான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சலினாஸ். நல்ல கூட்டம். சேயோவின் ஆட்கள் எல்லோரும் பக்கத்திலேயே நின்றார்கள். பெத்தோ கேனைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, ஆயில் எவ்வளவு ஊத்தணும்?"

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

"என்னடா? காதுல விழலை, சத்தமாக் கேளு" என்றேன்.

காது மடலெல்லாம் சிவக்க, மறுபடியும் கேட்டான்.