இரண்டாம் பாகம் சின்னதாம், கோமு

என் செல்ல மருமகளே, மாமனுடைய ராஜ்ஜியத்துக்கு ஒரே மந்திரியாக இருந்தவளே, கோமு,

எழுதுவது உன் தாய்மாமன். ஐந்தருவிச் சாலையின் நேந்திரங்காய்ச் சிப்ஸ் சக்கரவர்த்தி. நான் சட்டியை அடுப்பில் ஏற்றினால் அந்த வாசத்துக்கு மலைக்கு அந்தப் பக்கத்து யானைகள் குடும்பத்தோடு கிளம்பி வந்து, செங்கோட்டையில் போலீஸ் கயிறு கட்டி அவற்றை நிறுத்தி வைக்கிற அளவுக்கு வியாபாரம் நடத்துகிறவன். இதை நீ ஒரு நாளும் நம்பியதில்லை. இப்போதும் நம்ப வேண்டாம். உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்காகத்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் பாகம் சின்னதாம்.

ஆமாம், நம்முடைய ஆட்டத்தின் இரண்டாம் பாகம்தான். அதைச் செய்கிற ஆட்களே வாயைத் திறந்து சொல்லிவிட்டார்கள். முதல் பாகம் ரொம்ப நீளம், பாதிப் பேர் வழியிலேயே களைத்துப்போனார்கள், அதனால் அடுத்தது அதைவிடக் குறைவாகத்தான் இருக்குமாம். உலகம் முழுக்க இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். நாம் எப்போதோ அடித்துக்கொண்டுவிட்டோம், ஞாபகம் இருக்கிறதா? சாரல் விடாமல் பெய்த ஒரு மத்தியானம், வெறும் வதந்திதான் அப்போது.

"சின்னதா இருந்தாத்தான் மாமா நல்லது. முதல் பாகத்துல பாதி ஆட்டம் நடந்தே போச்சு" என்றாய்.

"ஏட்டி, அரைப் பாக்கெட் சிப்ஸ முழுப் பாக்கெட்டுன்னு நான் குடுத்தா, சனம் என்னையத் தூக்கி அருவியில போட்டுராதா?"

"உங்க முழுப் பாக்கெட்டுலயும் பாதி காத்துதான மாமா."

அந்தப் பேச்சுக்கு உன்னை நாடு கடத்தியிருக்க வேண்டும். புளியங்குடி வரைக்குமாவது.

பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோமு, கோபித்துக்கொள்ளாதே. இது டிவியில் ஆடுகிற வீடியோ கேம். நாமே ஓர் ஆளைச் செய்து, அந்த ஆளாகவே காடு மலை சுற்றி, கதையை முடிக்கிற வகை ஆட்டம். ஒரு தலைவனைச் செய்ய வேண்டும். அவன் பின்னால் வர ஒரு துணையாளையும் செய்ய வேண்டும். தலைவனை நாம் நடத்துவோம். துணையாள் தானாக நடப்பாள். ஆனால் நாம் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து நம் பழக்கங்களைப் படித்துக்கொள்வாள்.

நீ என்ன செய்தாய்? தலைவனாக என்னைச் செய்தாய். ஆட்டத்தைச் செய்தவன் கொடுத்திருந்த தொப்பை அளவை கடைசிக் கோடு வரைக்கும் இழுத்துவிட்டு, "இன்னும் பத்தல மாமா" என்றாய். மீசையை வைத்தாய். வழுக்கையை மட்டும் தாராளமாக வைத்தாய். துணையாளாக உன்னையே செய்தாய். ஒல்லியாக, குதிரைவாலும் மூக்குத்தியுமாக, கையில் வில்லோடு. வீட்டில் இருந்தபடியே பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை முடிந்ததும் நீ கட்டிலில் ஏறி உட்காருவாய். நான் பக்கத்தில். நீ என்னை நடத்த, நான் எதிரில் வருகிற ஒவ்வொருத்தனையும் வாயால் திட்ட, அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

உன் துணையாள் உன்னை அப்படியே படித்துக்கொண்டாள். கண்ணில் படுகிற பானையை எல்லாம் உடைப்பாள். பாலம் வந்தால் முதல் ஆளாக ஓடி, நடுவில் நின்று, கிழவன் வருகிறானா என்று திரும்பிப் பார்ப்பாள். தண்ணீரைக் கண்டால் நின்றுவிடுவாள். ஒரு சின்ன ஓடையாக இருந்தாலும் சரி, உலகம் அழிகிற அவசரமாக இருந்தாலும் சரி, நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

கடைசிக் கோட்டை வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். உள்ளே ஒரே ஒரு சண்டைதான் பாக்கி. அன்றைக்கு உனக்கு லேசாகக் காய்ச்சல். "தல வலிக்கி மாமா, நாளைக்கு முடிச்சிருவோம்" என்று பெட்டியை அணைத்தாய்.

அந்தக் காய்ச்சலை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் யாருக்குத்தான் வரவில்லை. உன்னைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது உங்கம்மா வண்டியில் உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வரவில்லை. கூட்டிச் சொல்லவே பிறந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட அதிகமாகக் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு நாள் அக்கா, "ஏலே, அந்தப் பெட்டியப் போடு" என்றாள். நீ ஆடும்போது "கண்ணு அவிஞ்சு போவும்ட்டி" என்று கத்தின அதே வாய்.

போட்டேன். கோட்டை வாசலில் நான் கவசத்தோடு நிற்கிறேன். பக்கத்தில் நீ நிற்கிறாய். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ஆனாலும் நீ சும்மா நிற்கவில்லை. உட்கார்ந்தாய், எழுந்தாய், ஒரு கல்லை எத்தினாய், குதிரைவாலை இழுத்து முடிந்தாய். அக்கா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள்.

"ஒரு இடத்துல நிக்காளா பாரு" என்றாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அதுதான் வேலை. ஒன்றும் நடக்காது. அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே மழை பெய்தால் "நனையுதாளே" என்பாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இரண்டாம் பாகத்துச் சேதியைக் கொண்டுவந்தது ரஹீம். கடையநல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கிறானே, நீ விளையாட்டுச் சாமான் எல்லாம் வாங்குவாயே, அவன்தான். துக்கம் கேட்க வந்திருந்தான். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, ரெண்டாவது வருது. முதல் பாகத்த முடிச்சவங்க, தலைவனையும் துணையாளையும் அப்படியே அங்கன கூட்டிட்டுப் போவலாம். பழக்கவழக்கம் எல்லாம் கூடவே வரும்."

அக்கா அடுப்படியில் இருந்து வெளியே வந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு. கடைசிச் சண்டையில துணையாள் விழுந்துட்டா, விழுந்ததுதான். அதுக்கப்புறம் எழும்பாது. வாசலத் தாண்டிட்டா திரும்பி வரவும் முடியாது, மறுபடி ஆடவும் முடியாது. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான்."

"அப்பம் நான் ஆடி முடிக்கேன்" என்றேன், கொற்றவன் மாதிரி.

"நீங்களா? போன தடவ உங்க கையில குடுத்தப்பம் கோழி கொத்தியே செத்தீயளாம்லா. கோமு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

அவன் சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அக்காதான் கேட்டாள். "அந்த ரெண்டாவது எம்புட்டுப் பெருசு?"

"முதல் பாகத்த விடச் சின்னதுன்னு சொல்லுதாங்கம்மா."

"எம்புட்டுச் சின்னது?"

ரஹீம் என்னைப் பார்த்தான். "முதல் பாகம் மாரி வருசம் முழுக்க ஓடாதுக்கா. மெள்ள ஆடுனா நாலஞ்சு மாசம் ஓட்டலாம்" என்றேன்.

"சண்டாளப் பயலுவ. கொஞ்சம் நீளமா எடுத்தா என்ன கொறஞ்சு போவானுவ?" என்றாள். பிறகு, "சரி. நாலஞ்சு மாசம்னா நாலஞ்சு மாசம். நீ உள்ள போலே."

ஆடி முடிக்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, இப்போது நான் மறுத்தேன், கோமு. வாசலிலேயே நீ பத்திரமாக இருக்கிறாய், கல்லை எத்திக்கொண்டு, வாலை முடிந்துகொண்டு. அப்படியே இருக்கட்டும், எதற்கு உள்ளே கொண்டுபோய் ஆபத்தில் விட வேண்டும்? அக்கா கேட்கவில்லை. "வாசல்லயே எத்தன நாளைக்கு நிப்பா? அவளுக்குப் போவணும்னு ஆச இருக்காதா? முடிச்சிருவோம்னு சொல்லிட்டுத்தான போனா?"

பயிற்சி எடுத்தேன். வாசலுக்கு வெளியே திரிகிற ஓநாய்களோடு மோதினேன். குற்றாலத்தில் சீசன் முடிந்து அருவி நூலாக விழுகிற காலம், கடையில் ஈ ஓட்டக்கூட ஈ வரவில்லை. என் கட்டைவிரல் வீங்கிப் பலாப்பழம் ஆனது. முதலில் ஓநாய்கள் என்னைத் தின்றன. பிறகு ஓநாய்க்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் என்று சமமாக வந்தது. கடைசியில் அந்த மலை வட்டாரத்து ஓநாய்க் குலமே என் பெயரைக் கேட்டால் குட்டிகளை ஒளித்துவைக்கிற நிலைமைக்கு வந்தேன். ரஹீம் வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல அண்ணாச்சி, கோழி இனிமே பயப்படும்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என் நெற்றியில் திருநீறு பூசினாள். டிவியின் ஓரத்திலும் கொஞ்சம் பூசினாள். உள்ளே போனோம்.

அங்கே இருந்தது சிறகு முளைத்த ஓர் உடும்பு, கோமு. சொன்னால் நம்ப மாட்டாய், திருக்குற்றால மலையைத் தூக்கி அதன் முதுகில் வைத்தால் மூக்குப்பொடி மாதிரி இருக்கும். நான் முதல் வேலையாக 'விலகி நில்' என்ற கட்டளைப் பொத்தானை அழுத்தி உன்னைத் தூணுக்குப் பின்னால் அனுப்பினேன். நீ போனாய். தூரத்திலிருந்து அம்பு விட்டாய். "அங்கனயே நில்லுட்டி, நல்ல பிள்ள" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் உருண்டேன், ஓடினேன், வெட்டினேன். என் தொப்பை அந்தக் கவசத்துக்குள் பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்கிறேன். உடும்புக்கு உயிர் எவ்வளவு பாக்கி என்று திரையில் காட்டுகிற உயிர்க்கோடு ஒரு விரற்கடை அளவுக்கு வந்துவிட்டது.

அப்போது அதன் வால் என் மேல் பட்டது. நான் விழுந்தேன். என் உயிர்க்கோடு சிவந்து துடித்தது.

நீ தூணை விட்டு வெளியே வந்தாய்.

'விலகி நில்' பொத்தானை அழுத்தினேன். மறுபடி மறுபடி அழுத்தினேன். நீ நிற்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஒரு வருஷம் முழுக்க எனக்கு அடி விழுந்த ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, மாமாவக் காப்பாத்துட்டி!" என்று கூப்பாடு போட்டிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே துணையாளைக் கூப்பிடுகிற பொத்தானை அழுத்தியிருக்கிறாய். அவள் அதைத்தான் படித்திருந்தாள். மாமனுக்கு ஆபத்து என்றால் எந்தக் கட்டளையும் கட்டளை இல்லை, ஓடி வா.

"வேண்டாம்ட்டி! வராதட்டி!" அக்கா எழுந்து டிவி முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள். நான் அவள் கைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். நீ வந்து எனக்கு முன்னால் நின்றாய். உடும்பு உன் பக்கம் கழுத்தைத் திருப்பி உன்னைக் கவ்வியது. எழுந்து அந்தக் கழுத்தில் குத்தினேன். அது விழுவதற்கு முன்னால் நீ விழுந்துவிட்டாய்.

ஆட்டத்தைச் செய்தவன் திரையில் மேளம் கொட்டினான், பொன்னாகத் தூவினான், வெற்றி வெற்றி என்று எழுதிக் காட்டினான். யாருக்கு வேண்டும்?

"எழும்ப மாட்டாளா?" என்று அக்கா கேட்டாள்.

"மாட்டாக்கா."

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டாவதுல அவளையே மறுபடி செஞ்சிருவோம்க்கா. அதே குதிரைவாலு, அதே மூக்குத்தி. ஒருநாள் வேல" என்றேன்.

"மூஞ்சியச் செய்வே" என்றாள். "தண்ணியக் கண்டா நிக்கதுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?"

திரையில் அந்த ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. ஊர்ப்பட்ட பெயர்கள். அக்கா எல்லாம் போய் முடிகிற வரைக்கும் பார்த்தாள், வாசிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தாலும். பிறகு போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ரெண்டாவது சின்னதுன்னுதான சொன்னே?"

"ஆமாக்கா."

"நல்லது" என்றாள். "நீ ஒத்தையில எம்புட்டுத் தூரம் நடப்பே."

கோமு, அது வெளிவந்ததும் நான் போவேன். பக்கத்தில் வர யாரையும் செய்யமாட்டேன். உங்கம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை நடுவழியில் விட்டுவிட்டுப் பெட்டியை அணைக்கமாட்டேன். எத்தனை அடி விழுந்தாலும் இனிமேல் காப்பாற்றச் சொல்லி யாரையும் கூப்பிடவும் மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் அம்மையோடு கூடப் பிறந்தவன்,
நீ நின்று காத்த உன் தாய்மாமன்.