தானாகத் தட்டிக்கொள்ளும் போன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல்முறையாக யார் உதவியும் இல்லாமல் ஒரு டிஸ்ப்ளே மாற்றினேன். தையல்கார அக்காவின் போன். கத்தரிக்கோல் விழுந்து திரை நொறுங்கியிருந்தது. சூடு காட்டிப் பசையை இளக்கி, பழையதைத் தூக்கிவிட்டு, புதியதை ஒட்டி, ரப்பர் பேண்டு சுற்றி வைத்தேன். உயிர் வந்ததும் சித்தி ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள். எங்கும் அறுபடவில்லை.

"பரவாயில்லையே, சைலண்ட் மோடு!"

கடை சித்தியுடையது. நான் வாய் திறப்பதில்லை என்று அவள் வைத்த பெயர் அது.

ரிப்பேர் மேசை எனக்குத்தான். இனி முன்னால் நின்று கவர் விற்க வேண்டாம். போனின் முகத்தைப் பார்த்தால் போதும்.

மார்ச் 6, வியாழன்

டிராயரில் ஒரு பழங்கால போன் கிடைத்தது. நகத்தால் அழுத்தினாலும் கேட்கிறது. உள்ளே இரண்டு மெல்லிய படலங்கள்; அழுத்தினால் ஒன்றோடொன்று தொடும், அவ்வளவுதான். இப்போதைய போன் நகத்தைச் சட்டை செய்யாது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள், வலை மாதிரி. அதில் துளி மின்சாரம். விரல் பட்டால் அந்தத் துளியில் கொஞ்சத்தை நம் உடம்பு இழுத்துக்கொள்ளும். எந்த இடத்தில் மாறியது என்று போன் பார்த்துக்கொள்ளும். அழுத்தவே வேண்டாம்.

இதைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒன்பதாவதோடு நின்றிருக்க மாட்டேனோ? பொய். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில்தானே நின்றேன்.

மார்ச் 8, சனி

தையல்கார அக்கா வந்து ஒரே சத்தம். போன் தானாகத் தட்டிக்கொள்கிறதாம்.

"ஆறு வருஷமா பேசாத அண்ணனுக்கு அது பாட்டுக்கு போன் போட்டிருக்கு! அவரும் எடுத்து 'என்னம்மா'ங்கறாரு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் பேசறது?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

அக்கா விட்டுப்போன போன் நாள் முழுக்க எங்கள் சார்ஜரில் கிடந்தது. ஒரு குறும்பும் இல்லை, சமர்த்துப் பிள்ளை. இருந்தாலும் வேறு டிஸ்ப்ளே போட்டுக் கொடுத்தேன். எப்போது இப்படி ஆகிறது என்று அக்காவிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. போனை மட்டும் நீட்டினேன்.

மார்ச் 12, புதன்

மறுபடியும். இந்த முறை அண்ணனுக்கு வீடியோ கால். அக்கா வாயில் பல்குச்சியோடு நின்றாராம். கடையிலேயே வைத்துப் பார்க்கிறோம் என்று சித்தி கெஞ்சியும் போனைக் கொடுக்கவில்லை, சனிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

"அன்னிக்கும் சரியாகலன்னா நீ முன்னாடி வந்து கவர் வித்துக்கோ. மேசைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றாள் சித்தி. கோபமாகக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ரெண்டு டிஸ்ப்ளேலயும் ஒரே கோளாறா? அப்போ என் கைதான் சரியில்லையா?

மார்ச் 14, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

அக்கா வந்தார். திட்டத் தொடங்குமுன் போனைப் பார்த்து, "சார்ஜ் வேற இல்ல" என்று பையிலிருந்து தன் சார்ஜரை எடுத்துச் சுவரில் செருகினார். திரை ஆடத் தொடங்கியது. ஆப்கள் தாமாகத் திறந்தன, மூடின. எட்டி ஒயரைப் பிடுங்கினேன். நின்றது. செருகினேன். ஆடியது. அதே இடத்தில் எங்கள் சார்ஜரைச் செருகினேன். சமர்த்து.

"என்னடி? வாயத் திறந்து சொல்லு" என்றாள் சித்தி.

"டிஸ்ப்ளே இல்ல சித்தி. சார்ஜர்." அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், முகத்தையே! "இது மட்டமான சார்ஜர்க்கா. கரண்ட் சீரா வரல. அந்தக் கலக்கத்த விரல்னு போன் நினைச்சுக்குது."

அக்கா அசடு வழிந்தார். "பஸ்ஸ்டாண்டுல கூவிக் கூவி வித்தான், வாங்கிட்டேன்." அதைக் கடையிலேயே போட்டுவிட்டு எங்கள் சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா, எங்க வீட்டுப் பொண்ணு கையில குத்தம் இல்ல" என்றாள் சித்தி, ஏதோ அவள் என்றுமே சந்தேகப்படாத மாதிரி.

திங்கட்கிழமையே கேட்டிருந்தால் ஒரு டிஸ்ப்ளேயும் ஐந்து நாள் தூக்கமும் மிச்சம். போகட்டும். அப்பாடா. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா கடைக்கு போன் செய்தார். சித்தி வெளியே போயிருந்ததால் நான்தான் எடுக்க வேண்டியதாயிற்று. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாராம், மாலைவரை இருந்தாராம்.

"அந்தப் பழைய சார்ஜரத் தூக்கிப் போட்டுட்டியா? இருந்தா குடேன். எங்க மாமியார் வழியில பேசாதவங்க இன்னும் ரெண்டு பேரு பாக்கி."

"அது வேணாம்க்கா, சூடாகும். இனிமே நீங்களே கூப்பிடுங்க."

வைத்த பிறகுதான் உறைத்தது, யார் யாருக்குச் சொல்வது என்று.

ஏப்ரல் 2, புதன்

நான்கு டிஸ்ப்ளே. ஐந்தாவதாக ஒருவர் வந்து, போன் தானாகத் தட்டிக்கொள்கிறது என்று சித்தியிடம் நீட்டினார். அவள் வாங்குவதற்குள் மேசையிலிருந்து எழுந்து நின்று கேட்டேன்:

"எப்பல்லாம் அப்படி ஆகுதுங்க?"